குன்னூர்க் குளிரில் பெல்ஜியன் ஐ.பி.ஏ. பீர்: சுவைத்து மதிப்பெண் போட ஒரு வழிகாட்டி

தேயிலை ருசி பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஏலத்துக்குப் போகும் மாதிரிகளை வரிசையாக ஊற்றி வைத்து, கரண்டியால் உறிஞ்சி, துப்பி, குறிப்பெழுதி 11 வருடம் ஓடிவிட்டது. அந்தத் திமிரில்தான் மாட்டிக்கொண்டேன். பிரஸ்ஸல்ஸில் வேலை பார்க்கும் என் சித்தி மகன், "அண்ணா, பெல்ஜியன் ஐ.பி.ஏ. கொண்டு வரேன், நீங்கதான் மார்க் போடணும்" என்றான். நாக்குதான் நம்மிடம் இருக்கிறதே என்று சரி சொன்னேன்.

முதல் அமர்வில் முதல் பாட்டிலில் பாதி மேஜை விரிப்புக்குப் போனது. மிச்சத்துக்கு ஒருவர் 50க்கு 41 போட்டார், இன்னொருவர் 19 போட்டார். நான் போட்ட 36 தப்பான காரணத்துக்காகப் போட்டது என்பது பிறகுதான் புரிந்தது. மூன்றாவது அமர்வில்தான் ஐந்து பேரின் மதிப்பெண்ணும் ஆறு ஏழு புள்ளி வித்தியாசத்துக்குள் வந்து நின்றது. அந்த இரண்டு அமர்வுகளின் காசும் நேரமும் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

புதியவர்களுக்கு இரண்டே வரி அறிமுகம். ஐ.பி.ஏ. என்றால் இந்தியா பேல் ஏல்; ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ) தூக்கலான பீர். அமெரிக்க ஐ.பி.ஏ. போல ஹாப்ஸை அள்ளிப் போட்டு, நொதிக்க மட்டும் பெல்ஜிய ஈஸ்டை விட்டால் கிடைப்பது இந்த வகை. ஆல்கஹால் 6.2 முதல் 9.5 சதவீதம், கசப்பு 50 முதல் 100 ஐ.பி.யூ. (ஐ.பி.யூ. என்பது கசப்பை அளக்கும் அலகு. கடையில் கிடைக்கும் சாதாரண லாகர் பீரில் பெரும்பாலும் 20ஐத் தாண்டாது.) பெல்ஜியத்தின் ஆஷூஃப் ஆலையின் ஹூப்லோன் ஷூஃப் இந்த வகைக்குப் பேர்போன உதாரணம், அதில் ஆல்கஹால் 9 சதவீதம்.

1. முதலில் சட்டம், காகிதம்

தமிழ்நாட்டில் மது வாங்கவும் குடிக்கவும் வயது 21 ஆகியிருக்க வேண்டும். அமர்வுக்கு வரும் எல்லோருக்கும் இது பொருந்தும். "சும்மா மோந்துதான் பார்ப்பான்" என்று தம்பியைக் கூட்டி வராதீர்கள்.

பெங்களூரில் விதவிதமான கிராஃப்ட் பீர் (சின்ன ஆலைகள் காய்ச்சுவது) கிடைக்கும். ஆசைப்பட்டு மைசூர் ரோட்டில் காரில் வைத்துக் கொண்டுவர நினைக்காதீர்கள். வெளிமாநில மதுவை அனுமதியில்லாமல் கொண்டுவருவது குற்றம். கர்நாடக எல்லையில் கக்கநல்லா சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். கேரளப் பக்கம் நாடுகாணியிலும் இதே கதைதான். பெங்களூர் பீரைப் பெங்களூரிலேயே குடித்துவிட்டு, நாக்கில் நிற்கும் நினைவை மட்டும் கொண்டு வாருங்கள்.

ஹாப்ஸும் ஈஸ்டும் ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே காய்ச்சலாமா என்று என்னிடம் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் காய்ச்சக் கூடாது. அதற்கு மேல் அந்தப் பேச்சே வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வருபவர் ஒருவருக்கு 2 லிட்டர் வரை மதுவுக்குச் சுங்கவரி கிடையாது. கடை ரசீதையும் போர்டிங் பாஸையும் பாட்டில்களோடு ஒரே உறையில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். ரசீது இல்லாத பாட்டிலுக்கு நடுவழியில் பதில் சொல்லிக்கொண்டு நிற்பது பெரும் அவஸ்தை.

கோவை, திருப்பூரிலிருந்து நண்பர்கள் சொந்த வண்டியில் வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் இல்லை. சீசன் சமயத்தில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கட்டுப்பாடு வைப்பதால் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் அமர்வு வைக்காதீர்கள். அரசுப் பேருந்தில் வருபவருக்கு இ-பாஸ் தேவையில்லை. பீர் சுவைக்க வருபவர் பேருந்தில் வருவதே மேல் என்பது என் கட்சி. காரணத்தை 7ஆம் படியில் சொல்கிறேன்.

2. ஆறு பாட்டில் கணக்கு

330 மில்லி பாட்டில் ஆறு சேர்ந்தால் 1,980 மில்லி. 2 லிட்டருக்குள் கச்சிதமாக அடங்கும். என் தம்பி ஆசையாக ஏழு கொண்டு வந்தான். ஏழாவதுக்கு வரி கட்டுங்கள் என்றார்கள். பாட்டில் விலையைவிட அலைச்சல் அதிகம் என்று அங்கேயே விட்டுவிட்டு வந்தான்.

ஆறையும் ஒரே பீராக வாங்கச் சொல்லாதீர்கள். முதல் முறை நான் செய்த பெரிய தப்பு அதுதான். பெல்ஜியன் ஐ.பி.ஏ.வை மட்டும் தனியாகக் குடித்தால் அதில் எது ஈஸ்ட், எது ஹாப்ஸ் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இப்படி வாங்கச் சொல்லுங்கள்: பெல்ஜிய ட்ரிப்பெல் (பொன்னிறமான, ஆல்கஹால் கூடிய பெல்ஜிய பீர்) இரண்டு, அமெரிக்க வகை ஐ.பி.ஏ. இரண்டு, பெல்ஜியன் ஐ.பி.ஏ. இரண்டு. ட்ரிப்பெல் ஈஸ்டைக் காட்டும், அமெரிக்க ஐ.பி.ஏ. ஹாப்ஸைக் காட்டும். மூன்றாவதில் இரண்டும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் முதல் அமர்வுக்கு, மற்றது இரண்டு வாரம் கழித்து அடுத்த அமர்வுக்கு.

அங்கே கடையில் பாட்டில் ஒன்று இரண்டு மூன்று யூரோ. ஆறுக்கும் எனக்கு ரூ. 1,500 சுற்றி ஆனது, ஐந்து பேர் பங்கு போட்டுக்கொண்டோம். கண்ணாடிக் கோப்பைகளுக்குத்தான் அதைவிட அதிகம்.

காலாவதித் தேதி இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். ட்ரிப்பெல் வருடக்கணக்கில் தாங்கும், ஹாப்ஸ் மணம் தாங்காது. மூன்று நான்கு மாதத்தில் மங்கத் தொடங்கும். கடையில் இருப்பதிலேயே புதியதைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். பச்சை பாட்டிலையும் வெள்ளை பாட்டிலையும் தவிர்த்துப் பழுப்பு பாட்டிலையே எடுக்கட்டும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் பொருள்கள் சிதைந்து புனுகு நாற்றம் போல ஒன்று கிளம்பும்.

3. மலையேறிய பாட்டிலுக்கு ஓய்வு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவு. நமக்கே வயிற்றைப் புரட்டும் பாதை. இந்த பீர்கள் பலவற்றில் பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் வண்டல் இருக்கும். வளைவுக்கு வளைவு அது கலங்கி, வாயுவும் குலுங்கிப் போய் வந்து சேரும். இது போதாதென்று குன்னூர் 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே அடைத்த பாட்டிலை மேலே திறந்தால் வாயு இன்னும் வேகமாக வெளியே ஓடி வரும். என் மேஜை விரிப்பு நனைந்த கதை இதுதான்: வெள்ளிக்கிழமை மாலை பாட்டில் வந்து இறங்கியது, அன்று இரவே திறந்துவிட்டோம்.

பாட்டில்களை நிற்க வைத்து, இருட்டான அலமாரியில் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் விடுங்கள். படுக்க வைத்தால் வண்டல் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு ஊற்றும்போது கலங்கும். மலைதானே, குளிராகத்தான் இருக்கும் என்று ஜன்னலோரம் வைக்காதீர்கள். இங்கே வெயில் சுடாவிட்டாலும் புற ஊதாக் கதிர் கடுமை.

4. அறை, கோப்பை, ஆட்கள்

மலைவாசிகளுக்கென்றே உள்ள பொறிகள் இந்தப் படியில்தான் இருக்கின்றன. நான் எல்லாவற்றிலும் விழுந்தேன்.

நீலகிரித் தைலம். பக்கத்து வீட்டு அண்ணன் சளிக்கு மார்பில் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு மூன்று பீரிலும் எல்லோரும் 'பைன் மர வாசனை, புத்துணர்ச்சி' என்று எழுதினோம். ஹாப்ஸில் அப்படியொரு மணம் உண்டுதான். ஆனால் அன்று அடித்தது அண்ணன். சளி பிடித்தவரை அடுத்த முறைக்கு வரச்சொல்லுங்கள், மூக்கடைத்தவருக்கு ஐ.பி.ஏ. வெறும் கசப்புத் தண்ணீர்.

கணப்பு. விறகுப் புகை அறை முழுக்க நிற்கும். அமர்வுக்கு இரண்டு மணி நேரம் முன்பே அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம்.

உதட்டுக்கு வாஸ்லின். குளிர்காலத்தில் போடாத ஆள் இல்லை. ஒரு துளி எண்ணெய்ப் பசை போதும், நுரை அடங்கிவிடும். வந்ததும் துடைத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

வர்க்கி. நாவைச் சுத்தப்படுத்த ஏதாவது வேண்டுமே என்று ஒரு தட்டு வர்க்கி (நம்ம ஊட்டி மொறுமொறு பிஸ்கட்) வைத்தேன். கொழுப்பும் உப்புமாக நாக்கில் படலமிட்டது. மசாலா இல்லாத சாதா பிரெட்டும் தண்ணீருமே போதும். தண்ணீரையும் கொதிக்க வைத்து ஆற்றிவிடுங்கள், குளோரின் வாசனை போய்விடும். நண்பர்களைச் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாவட்டத்தில் அதற்குத் தடை, பிடித்தால் அபராதம்.

கோப்பை வாய் குறுகி வயிறு பெருத்ததாக இருக்கட்டும். துலிப் வடிவம் கிடைக்காவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். கோவையில் ஒன்று ரூ. 220க்கு வாங்கினேன். பாத்திரம் கழுவும் நாரை இதில் காட்டாதீர்கள், அதில் நேற்றைய தாளிப்பு இருக்கும். தனித் துணி, வெந்நீர், துடைக்காமல் கவிழ்த்து வடியவிடுவது. பீர் ஊற்றியதும் குமிழிகள் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால் கோப்பை சுத்தமில்லை என்று அர்த்தம்.

5. திறப்பதும் ஊற்றுவதும்

5 டிகிரி வரை நன்றாகக் குளிர்வித்துத் திறங்கள். குளிர்ந்த பீரில் வாயு அடங்கியிருக்கும், பொங்காது. ஆனால் அந்தக் குளிரில் ருசி பார்க்கக் கூடாது, மணம் எழாது. 8 முதல் 12 டிகிரிக்குள் வரட்டும். சமவெளியில் பத்து நிமிடத்தில் வந்துவிடும்; ஜனவரி மாதக் குன்னூர் வீட்டில் முக்கால் மணி நேரம் ஆனாலும் ஆகும். இரண்டு கையாலும் கோப்பையைப் பொத்திப் பிடியுங்கள். சமையல் வெப்பமானி ஒன்று இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

ஒருவருக்கு 60 மில்லிக்குச் சற்று மேல். 330 மில்லி ஐந்து பேருக்குச் சரியாக இருக்கும். சாய்த்துப் பிடித்து ஊற்றத் தொடங்கி, கடைசியில் நிமிர்த்தி நுரை எழுப்புங்கள். அடியில் ஒரு விரல் அளவு வண்டலை பாட்டிலிலேயே விடுங்கள். மதிப்பெண் போட்டு முடித்த பிறகு அதைத் தனியாக ருசி பாருங்கள், ஈஸ்ட் எப்படி இருக்கும் என்று தெரியும்.

ஊற்றுபவர் ஒருவர் மட்டும் லேபிளைப் பார்க்கட்டும். பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி எண் போட்டுக்கொள்ளுங்கள். பெல்ஜியம் என்ற எழுத்தைப் பார்த்தாலே சிலர் கை தானாக ஐந்து மார்க் ஏற்றிப் போடும்.

6. மூக்கு

கோப்பை கைக்கு வந்ததும் வேறு எதுவும் செய்யாமல் முகர்ந்து பாருங்கள். லேசான மணங்கள் முதல் அரை நிமிடத்திலேயே போய்விடும். கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடி, சுழற்றி, திறந்து, இரண்டு மூன்று சின்ன மூச்சு. நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஈஸ்ட் பக்கம் எதிர்பார்க்க வேண்டியது: கிராம்பு, மிளகு, வாழைப்பழம், பேரிக்காய். ஹாப்ஸ் பக்கம்: நாரத்தை, எலுமிச்சைத் தோல், பைன் பிசின், தாட்பூட் பழம் (பேஷன் ஃப்ரூட்), சில சமயம் பூ மணம். அந்தப் பூ மணத்துக்குக் காரணமான லினலூல், ஜெரானியால் இரண்டும் தேயிலையிலும் உண்டு. நல்ல குளிர்காலத்து ஆர்த்தடாக்ஸ் தேயிலையை (இலையை உருட்டிச் சுருட்டிச் செய்யும் வகை) முகர்ந்தவர்களுக்கு இது அறிமுகமான வாசனைதான். நான் ஒழுங்காகக் கண்டுபிடித்த ஒரே விஷயமும் அதுதான்.

'பழ வாசனை' என்று எழுதிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். எந்தப் பழம், காயா கனியா, எவ்வளவு என்று எழுதுங்கள். வாழை என்றால் பூவனா, கறுத்துக் கனிந்த மலை வாழையா?

கெட்ட வாசனைகளுக்கும் வீட்டிலேயே பெயர் இருக்கிறது. உருகிய வெண்ணெய், நனைந்த அட்டைப்பெட்டி, வெந்த முட்டைகோஸ் இவை மூன்றும் எந்த ஐ.பி.ஏ.விலும் குறைதான். அட்டைப்பெட்டி வந்தால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது என்று பொருள். சில ஹாப்ஸ் வெங்காயம், பூண்டு போல அடிக்கும். மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை ஏற்றும் லாரிக்குப் பின்னால் போன அனுபவம் இருந்தால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவீர்கள்.

7. வாய்: தேயிலைக்காரன் தோற்ற இடம்

தேயிலையை உறிஞ்சித் துப்புவோம். பீரைத் துப்பினால் பாதிக் கதைதான் தெரியும். இறங்கிய பிறகு தொண்டையில் எழுந்து நிற்கும் கசப்பும், மூக்கின் பின்வழியாகத் திரும்பி வரும் மணமும்தான் ஐ.பி.ஏ.வின் மறுபாதி. அதனால் கொஞ்சமாவது விழுங்கத்தான் வேண்டும். வாயை மூடி, விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள்.

அடுத்தது நான் 36 போட்ட காரணம். தேயிலையில் துவர்ப்பு ஒரு சொத்து. நாக்கைச் சுண்டி இழுத்தால் 'பிரிஸ்க்' என்று எழுதி மார்க் ஏற்றுவோம். அதே பழக்கத்தில் பீரில் துவர்ப்பு இழுத்ததும் மகிழ்ந்துபோய் மார்க்கை ஏற்றிவிட்டேன். பீரில் கனத்த துவர்ப்பு பெரும்பாலும் தானிய உமியிலிருந்து டானின் என்கிற துவர்ப்புப் பொருள் அதிகமாக இறங்கியதற்கான அடையாளம், அது குறை. கசப்பு வேறு, துவர்ப்பு வேறு. நமக்கு இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பது பெரிய வசதி, பயன்படுத்துங்கள். கசப்பு ருசி; துவர்ப்பு வாயை உலர்த்தி இழுக்கும் உணர்வு. சந்தேகம் வந்தால் நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். வாழைப்பூ வைத்தது போலச் சொரசொரத்தால் துவர்ப்பு.

கசப்பிலும் தரம் பார்க்க வேண்டும். பிஞ்சுப் பாகற்காய் போல எழுந்து, நின்று, இறங்கினால் நல்ல கசப்பு. வேப்பங்கொழுந்து போல அடித்தொண்டையில் ஒட்டிக்கொண்டு அடுத்த வாய்க்கும் வழிவிடாமல் நின்றால் குறை. முதல் மடக்கில் முடிவெடுக்காதீர்கள், கசப்பு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். இரண்டாவது மடக்குக்குப் பிறகே எழுதுங்கள்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது கூட்டணி. கிராம்பும் மிளகும் தருகிற ஈஸ்டும் கடுங்கசப்பு ஹாப்ஸும் ஒரே கோப்பையில் ஒத்துப்போவது சுலபமில்லை. ஒத்துப்போனால் நாரத்தைத் தோலில் மிளகு தூவியது போல இருக்கும். முட்டிக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று கிளறிவிட்டு மருந்து வாடை வரும். எங்கள் அமர்வில் 19 போட்டவர் சொன்னது: "என்னங்க இது, பல்வலிக்கு வைக்கிற கிராம்புத் தைலமாட்டம் இருக்குது." அன்று சரியாகச் சுவைத்தவர் அவர் ஒருவர்தான். ஹாப்ஸ் நன்றாக இருக்கிறது, ஈஸ்டும் நன்றாக இருக்கிறது என்று தனித்தனியாகக் கூட்டி மார்க் போட்ட நாங்கள்தான் ஏமாந்தோம்.

பேருந்தில் வரச் சொன்னேனே. மூன்று பீரிலும் சேர்ந்து ஒருவருக்கு 200 மில்லிதான். ஆனால் 8, 9 சதவீத பீரில் 200 மில்லி என்பது ஏறக்குறைய ஒரு முழு 330 மில்லி லாகருக்குச் சமம். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். முதல் தடவைக்கே ரூ. 10,000 வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். மலைப்பாதைக்குச் சட்டமே தேவையில்லை, ஒரு வளைவு போதும்.

8. மதிப்பெண்

உலகெங்கும் பீர் நடுவர்கள் பயன்படுத்தும் பி.ஜே.சி.பி. (பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் அமைப்பு) தாள்தான் எங்களுக்கும். இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மொத்தம் 50: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, ஒட்டுமொத்தம் 10.

தோற்றத்துக்கு மூன்றே மார்க், அதில் மூன்று நிமிடம் செலவழிக்காதீர்கள். இளம்பொன்னிலிருந்து தேன் நிறம் வரை சரி. டீக்கடைக் கட்டன் சாயா நிறத்தில் இருந்தால் கேள்வி கேளுங்கள். லேசான கலங்கல் தப்பில்லை. வாயுணர்வில் 9 சதவீத ஆல்கஹால் இதமாகச் சுடலாம், தொண்டையை எரிக்கக் கூடாது. பீரின் உடல் (வாயில் தெரியும் கனம்) மெலிந்து, முடிவு (விழுங்கிய பின் நிற்கும் சுவை) இனிப்பு ஒட்டாமல் உலர்ந்து இருக்க வேண்டும். பாகு போல ஒட்டினால் குறைத்துப் போடுங்கள்.

45 முதல் 50 வரை என்றால் உலகத்தரம். 38 முதல் 44 வரை மிகச் சிறப்பு. 30 முதல் 37 வரை நல்லது, ஆனால் சின்னக் குறைகள் உண்டு. 21 முதல் 29 என்றால் குறிதவறிய பீர். 13க்கோ அதற்குக் கீழேயோ போனால் அடுத்த மடக்கு வேண்டாம். புதியவர்கள் பயந்துகொண்டு எல்லாவற்றுக்கும் 32, 33 போடுவார்கள். எதை மாற்றினால் 40 ஆகும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், பயம் தெளியும்.

எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது, முகத்தையும் சுளிக்கக் கூடாது. ஒரு பீருக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். பிறகு உரக்கப் படித்து ஒப்பிடுங்கள். ஏழு புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் இருவரும் மறுபடி ஒரு மடக்கு சுவைத்துப் பேசி முடிவெடுங்கள். பீரின் குளிர் விடுவதற்கான நேரம் நீங்கலாக, பேச்சு உட்பட மூன்று பீருக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவர் ஆக ஆசை இருந்தால் இதே அமைப்பின் இணையத் தேர்வு இருக்கிறது. 60 நிமிடத்தில் 180 கேள்வி. நான் எழுதியபோது கட்டணம் 10 டாலர். மழைக்காலத்தில் எழுதாதீர்கள், பாதியில் கரண்ட் போய், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதில் தேறினால் அடுத்தது சுவைத் தேர்வு: 90 நிமிடத்தில் ஆறு பீர்.

9. காலி பாட்டில்கள்

டாஸ்மாக் பாட்டில் என்றால் நீலகிரியில் 2022 முதல் 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பினால் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். காட்டில் வீசிய பாட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழித்ததால் வந்த ஏற்பாடு அது. உங்கள் பெல்ஜிய பாட்டிலை அந்தக் கடையில் வாங்க மாட்டார்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். கழுவி, மூடிகளை ஒரு டப்பாவில் தனியாகப் போட்டு, பழைய பேப்பர்காரரிடம் கொடுங்கள். அவரும் வேண்டாமென்றால் பேருந்தில் வந்த நண்பரின் பையில் போட்டு மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.